பெல்ட்டை அறுத்தது நான்தான்: அம்மாவோட தையல் மெஷின் மறுபடி ஓடின கதை

நேத்து சாயங்காலம் அம்மாவோட மெஷின்ல ஒரு கோடு முழுசா தச்சு முடிச்சேன். 60 சென்டிமீட்டர். நூல் அறுகல, தையல் தாவல, அடியில சிக்கு விழல. நம்பிக்கை இல்லாம துணியைத் திருப்பிப் பாத்தேன், அடிப்பக்கமும் மேல்பக்கம் மாதிரியே இருந்துச்சு. பதினொரு நாளா, வேலை முடிஞ்சு வந்து தினம் ஒரு மணி ரெண்டு மணி நேரம் இதோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தேன், அதனால மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். தையல் தெரிஞ்சவங்க படிச்சா சிரிப்பாங்க, பரவால்ல. எனக்கு இதுக்கு முன்னாடி பட்டன் தைக்க மட்டும்தான் தெரியும்.

மெஷின் கால்ல மிதிக்கிற பழைய ரகம். கருப்பு இரும்புத் தலை, மர மேஜை, கீழ பெரிய சக்கரம். மூணு வருஷமா ஓடல. ஓடாததுக்குக் காரணம் நூல் சிக்கு, பிசின், அது இதுன்னு வரிசையா சொல்லலாம், ஆனா முதல் காரணம் நான். பெல்ட்டை அறுத்தது நான்தான்.

அம்மாவுக்கு அல்சைமர்னு டாக்டர் சொன்னது அதுக்கும் ஒன்றரை வருஷம் முன்னாடி. அன்னைக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் குடுத்து கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளு பதினொண்ணு பத்துல நிக்கணும்னு. அம்மா சுத்தி ஒருதடவை பாத்துட்டு டாக்டர் மேஜைல கெடந்த டேப் ரோலை எடுத்து பேப்பர் மேல கவுத்து, பென்சிலை ஓட்டி, பிசிறில்லாத வட்டம் ஒண்ணு போட்டாங்க. டாக்டரே சிரிச்சிட்டார். துணியில கழுத்து வெட்டறதுக்கு வட்டம் எடுத்துப் பழகின கை. அப்புறம் நம்பர் போட ஆரம்பிச்சாங்க, பன்னெண்டும் வலதுபக்கப் பாதியிலேயே நெருக்கியடிச்சு வந்து நின்னுச்சு. இடதுபக்கம் காலி. முள்ளு போடவே இல்ல. பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டு "இந்தக் கடிகாரம் ரிப்பேர் தம்பி, நல்லதா ஒண்ணு வாங்கிக்கோங்க"ன்னு டாக்டர்கிட்டயே சொன்னாங்க.

அந்தத் 'தம்பி' பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். அம்மா என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எப்பலேருந்தோ 'தம்பி'ன்னு ஆச்சு, வயசாக ஆக பாசம் கூடுதுன்னு நானா நினைச்சிக்கிட்டேன். அப்புறம் கவனிச்சா மீட்டர் பாக்க வந்தவரும் தம்பி, டாக்டரும் தம்பி, என் பையனும் தம்பி. பேர் தெரியாமப் போனதை அந்த ஒத்த வார்த்தையை வச்சு எத்தனை மாசம் மூடி மறைச்சிருக்காங்கன்னு இப்ப யோசிச்சா கில்லாடின்னுதான் சொல்லத் தோணுது. "நான் யாரு சொல்லு பாப்போம்"னு யாராவது வந்து வம்புக்குக் கேட்டா "ஏன், உனக்கே தெரியலையா?"ன்னு திருப்பி விட்ருவாங்க.

சரி, பெல்ட். சாயங்காலம் ஆனா அம்மாவுக்கு ஒரு தவிப்பு வரும். எங்கயோ போகணும், யாருக்கோ குடுக்கணும், நேரமாச்சுன்னு வீட்டுக்குள்ளயே நடப்பாங்க. நடந்து நடந்து கடைசியா மெஷின்ல வந்து உக்காந்துடுவாங்க. மிதிக்க ஆரம்பிச்சா முகம் மாறிடும், தோள் எறங்கிடும். ஒருநாள் துணி இல்லாமலேயே ஓட்டி, ஆள்காட்டி விரல் நகத்துல ஊசி எறங்கிடுச்சு. பெரிய காயம் இல்ல, ஆனா நான் பயந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி அம்மா தூங்கினதும் கத்திரியை எடுத்து பெல்ட்டை அறுத்து, சுருட்டி, குப்பைல போட்டேன். நல்லது பண்ணிட்டதா நினைச்சுத் தூங்கினேன். அடுத்த நாள் மிதிச்சாங்க. கீழ சக்கரம் சுத்துச்சு, மேல ஒண்ணும் அசையல. குனிஞ்சு அடியில பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி மிதிச்சாங்க. கொஞ்ச நாள்ல உக்காரறதையே விட்டுட்டாங்க.

அம்மா போய் பத்து மாசம் ஆகுது. இனி ரிப்பேர் கதை.

எடுத்து வச்ச சாமான்: பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, குட்டி ஒண்ணு, மண்ணெண்ணெய் கால் லிட்டர், மெஷின் ஆயில், பழைய டூத்பிரஷ், ட்வீசர், பழைய பனியன் துணி, டார்ச், கழட்டின ஸ்க்ரூவைப் போட்டு வைக்க முட்டை டிரே. டிரே யோசனை நல்லாவே வேலை செஞ்சுது, கழட்டின வரிசைல குழிகுழியா போட்டு வச்சா திருப்பி மாட்டறப்போ குழப்பமே இல்ல. ஹேர் டிரையர் பிற்பாடு சேந்துச்சு.

மேல் சக்கரம், கைச்சக்கரம்னு சொல்லுவாங்களே அது, இம்மி நகரல. துருதான்னு முடிவு பண்ணிட்டேன், அதுதான் முதல் தப்பு. எண்ணெய் விடற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊற வச்சு, காலைல ஆட்டிப் பாத்து, மறுபடி விட்டு, இப்படியே ரெண்டு நாள். ஜன்னல் எல்லாம் திறந்து வச்சும் வீடு பூரா வாடை. பழைய எண்ணெய் காஞ்சு மஞ்சளா வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்துச்சு, யாரோ ஒருகாலத்துல சமையல் எண்ணெய் விட்ருக்காங்கன்னு நினைக்கிறேன், அந்த 'யாரோ' சின்ன வயசு நானாவே இருக்கலாம். மண்ணெண்ணெய் அதைக் கரைக்கும், ஆனா அதுக்கு வழவழப்பு கிடையாது. அதனால கரைச்சுத் தொடச்ச அப்புறம் கட்டாயம் மெஷின் ஆயில் விடணும், இல்லைன்னா இரும்பு மேல இரும்பு உரசி இன்னும் மோசமாகும்.

அந்த ரெண்டு நாள்லதான் நான் பண்ணின பெரிய அபத்தம். மேல்பக்கம் எல்லாம் அழுக்குன்னு பனியன் துணியை மண்ணெண்ணெய்ல நனைச்சு அழுத்தித் தொடச்சிட்டு வந்தேன். துணில செகப்பா ஏதோ ஒட்டுச்சு. பெயின்ட் உரியுதோன்னு டார்ச் அடிச்சுப் பாத்தா, நூலை இறுக்கிப் பிடிக்கற டென்ஷன் தட்டுக்குப் பக்கத்துல, கருப்பு இரும்பு மேல, செகப்பு கிரேயான்ல பொடிசா '3'. அது அம்மா எழுத்து. அம்மா போடற மூணுக்கு மேல தலை தட்டையா இருக்கும், பில்லுல போடற மாதிரி. அதுக்குக் கீழ '4', இன்னும் கீழ ஊசிக்கிட்ட '5'. நூல் கோக்கற வரிசை. கிரேயான் மெழுகுங்கறதால மண்ணெண்ணெய்ல கரைஞ்சுடும், 1-ம் 2-ம் என் கையில இருந்த துணிக்குப் போயிடுச்சு.

நாப்பது வருஷம் கண்ணை மூடிட்டு நூல் கோத்தவங்க நம்பர் போட்டு வச்சிருக்காங்க. எப்ப எழுதினாங்கன்னு தெரியல, ஆனா டாக்டர்கிட்ட போறதுக்கு ரொம்ப முன்னாடியாத்தான் இருக்கணும், ஏன்னா அப்புறம் அவங்களால இப்படி யோசிச்சு வழி பண்ணியிருக்க முடியாதுன்னு அன்னைக்கு நினைச்சேன். நாங்கள்லாம் 'வயசாச்சு, மறதி'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச காலத்துல அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சு, யார்கிட்டயும் சொல்லாம, பேரன் கிரேயானை எடுத்து அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. அந்தத் துணியைத் தூக்கிப் போடல, ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். அதை வச்சு ஒண்ணும் செய்யப் போறதில்ல. சும்மா இருக்கட்டும்.

மூணாவது நாள், துரு இல்லைன்னு தெரிஞ்சுது. ஊசிக்குக் கீழ இருக்கற தகட்டைக் கழட்டினா, துணியை நகத்தற பல்லு ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு அழுத்தி அழுத்தி கம்பளி மாதிரி ஆயிருக்கு. அதைக் கிண்டி எடுத்துட்டு தலையை பின்னால சாய்ச்சு அடிப்பக்கம் டார்ச் அடிச்சேன். மேல் நூலையும் அடி நூலையும் பின்ற ஷட்டில் ஓடற வளையத்துக்குள்ள நூல் சுத்திச் சுத்தி இறுகி இருந்துச்சு, கூடவே ஒடிஞ்ச ஊசி முனை ஒண்ணு, அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும். ட்வீசரால ஒவ்வொரு இழையா இழுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசி இழை வந்ததும் கைச்சக்கரம் 'டக்'னு விட்டுக் குடுத்துச்சு. ரெண்டு நாள் மண்ணெண்ணெய் அபிஷேகம் முக்கால்வாசி வீண், முதல்ல ஷட்டிலைப் பாத்திருக்கணும். யாராவது இதே மாதிரி இறுகின மெஷினோட உக்காந்திருந்தா முதல்ல அங்க பாருங்க. ஸ்பேனர் எடுத்து சக்கரத்தைத் திருகற வேலை மட்டும் வேணாம், வார்ப்பிரும்பு ஒடிஞ்சா ஒட்டறது கஷ்டம். மேல்பக்கம் மிச்ச இறுக்கத்துக்கு ஹேர் டிரையர்ல பத்து நிமிஷம் சூடு காட்டினேன், பிசின் இளகி நல்லாவே ஓட ஆரம்பிச்சுது.

நாலாவது நாள்தான் எனக்கு இந்த வேலையில மறக்க முடியாத நாள்.

கைச்சக்கரத்தோட நடுவுல ஒரு குமிழ் இருக்கும். அதைத் தளர்த்தினா சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி நிக்கும். பாபின்ல, அதான் அடி நூல் இருக்கற குட்டி உருளைல, நூல் சுத்தறதுக்காக வச்ச ஏற்பாடு அது. அதுக்குள்ளயும் பிசின் இருக்கும்னு குமிழ் மேல இருந்த பொடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழைக் கழட்டி, உள்ள இருந்த வாஷரை எடுத்து, சக்கரத்தை உருவி எல்லாம் தொடச்சு எண்ணெய் விட்டுத் திருப்பி மாட்டினேன். குமிழை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் வெறுமனே சுத்துது, ஊசி அசையல. ஏதோ ஒடைச்சிட்டேன்னு வயிறு கலங்கிடுச்சு. விஷயம் என்னன்னா அந்த வாஷருக்கு உள்பக்கம் ரெண்டு காது, வெளிப்பக்கம் மூணு காது. தலைகீழா, அதாவது அரைச்சுத்து மாத்தி மாட்டினா குமிழ் சரியா இறுகாது. கழட்டறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு போட்டோ எடுத்திருந்தா இந்தக் கூத்தே இல்ல. அரைச்சுத்து திருப்பிப் போட்டேன், பிடிச்சுக்கிச்சு.

ஆனா திருப்பிப் போடறதுக்கு முன்னாடி, சக்கரம் சும்மா சுத்த ஊசி அசையாம நிக்கறதைப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். இது போதுமே. மூணு வருஷம் முன்னாடி இந்தக் குமிழை ஒரு திருகு திருகி, ஊசியைக் கழட்டி வச்சிருந்தா போதும். அம்மா மிதிச்சிருப்பாங்க, சக்கரம் சுத்தியிருக்கும், பெல்ட் ஓடற அந்த 'சரசர' சத்தம் வந்திருக்கும், குத்தறதுக்கு ஊசி இருந்திருக்காது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது தையல் இல்ல, கால் ஆட்டமும் சத்தமும்தான். நேத்து நடந்தது நினைவுல தங்காமப் போன காலத்துலயும் கால் பழகின பழக்கம் போகலைன்னு கண்ணால பாத்துட்டுத்தானே இருந்தேன். கத்திரியை எடுக்கறதுக்கு முன்னாடி மெஷின் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. ஏன், அம்மாகிட்டயே கேட்டிருக்கலாம். அப்ப சொல்லத் தெரிஞ்சிருக்காது, ஆனா கை செஞ்சு காட்டியிருக்கும்.

அன்னைக்கு வேற வேலை ஓடல.

அடுத்தது பெல்ட். தோல் பெல்ட், உருண்டை, 5 மில்லிமீட்டர் தடிமன், முனை ரெண்டையும் சேக்க ஒரு கம்பிக் கொக்கி. நீளமா வாங்கி நாமதான் அளவுக்கு வெட்டிக்கணும். அளவுக்குப் பழைய பெல்ட் வேணும், அதைத்தான் நான் குப்பைல போட்டுட்டேனே. நூலை சுத்திவிட்டு அளக்கலாம்னு மேஜை டிராயர்ல நூல் தேடினப்போ அடியில ஒரு துணிக்கயிறு சிக்குச்சு. மூணு நாடாத் துணியைப் பின்னல் மாதிரி இறுக்கிப் பின்னி, ரெண்டு முனையும் முடிச்சு. நாடா மூணும் என் பழைய சட்டைத் துணி, ஊதாக் கட்டம், அடையாளம் தெரிஞ்சுது. தலைமுடி கட்டவா, பை கட்டவான்னு யோசிச்சிட்டு, எதுக்கோ மேல் சக்கரத்துல மாட்டி, மேஜை ஓட்டை வழியா விட்டு, கீழ் சக்கரத்தைச் சுத்திக் கொண்டு வந்தேன். முனை ரெண்டும் வந்து சந்திச்சுது.

அம்மா பெல்ட் செஞ்சிருக்காங்க. நான் அறுத்ததுக்கு அப்புறம், எப்பவோ, யாருக்கும் தெரியாம. டேப் வச்சு அளந்தேன், 183 சென்டிமீட்டர். எங்க மெஷினுக்குச் சரியா வேணும்னா 181. நம்பர் படிக்கவே தடுமாறின காலத்துல ரெண்டு சென்டிமீட்டர்தான் தப்பு, அதுவும் முடிச்சுக்கு விட்டதா இருக்கும். மாட்டிப் பாத்தாங்களா, வழுக்கிடுச்சா, இல்ல மாட்டறதுக்குள்ள எதுக்குப் பின்னினோம்னே மறந்துபோச்சான்னு தெரியாது. நான் மாட்டி மிதிச்சுப் பாத்தேன். ரெண்டு சுத்து இழுத்துச்சு, மூணாவதுல முடிச்சு மேஜை ஓட்டைல சிக்கி நின்னுடுச்சு.

தோல் பெல்ட்டை அந்தப் பின்னலுக்கு அளவா 183-க்கு வெட்டினேன், தொளதொளன்னு வழுக்குச்சு. ஒண்ணு ஒண்ணா ரெண்டு தடவை குறைச்சு 181-ல நிப்பாட்டினேன். முதல்லயே சின்னதா வெட்டிட்டா போச்சு, அதனால நீளமா வெட்டிக் குறைச்சிட்டே வர்றதுதான் முறை. தோல் போகப் போகக் கொஞ்சம் இழுபடும், இன்னும் ரெண்டு மாசத்துல இன்னொரு சென்டிமீட்டர் எடுக்க வேண்டி வரலாம். முனையில ஓட்டை போட ஆணியைச் சுட வச்சுக் குத்தினேன், விரலும் லேசா சுட்டுக்கிச்சு. குத்தூசி இருந்தா அதுவே நல்லது.

ஊசி புதுசு, 14-ம் நம்பர். அட்டையில 90/14-ன்னு போட்டிருக்கும், 90ன்னா ஊசி தடிமன் 0.9 மில்லிமீட்டர். சாதா பருத்திக்கு இது போதும், கெட்டித் துணிக்கு 16. முதல்ல திருப்பி மாட்டிட்டேன், ஒரு தையல்கூட விழல. ஊசில நீளமா ஒரு பள்ளம் ஓடும் பாருங்க, அந்தப் பக்கத்துலேருந்துதான் நூல் நுழையணும். தட்டையான பக்கம் அதுக்கு எதிர்ப்பக்கம்.

நூல் கோக்க அம்மா போட்ட நம்பரைத்தான் நம்பினேன். 1-ம் 2-ம் அழிஞ்சாலும் அது நூல்கண்டும் மேல் கொக்கியும்தான்னு யூகிக்க முடிஞ்சுது. 3 டென்ஷன். 4 பக்கத்துல இருக்கற ஸ்ப்ரிங். அப்புறம் கீழ ஒரு கொக்கி, அதுக்கிட்டயும் '4'. 5 ஊசி. சரின்னு கோத்து மிதிச்சேன். நாலு தையல்ல மெஷின் 'கடக்'குன்னு நின்னுச்சு, துணிக்கு அடியில குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கு. வெட்டி எடுத்துட்டு மறுபடி. மறுபடி கூடு. அடியில சிக்குன்னா அடியிலதான் கோளாறுன்னு நினைச்சு ஒரு சாயங்காலம் பூரா, பாபின் உக்காரற பாபின் கேஸோட குட்டி ஸ்க்ரூவை இறுக்கறதும் தளர்த்தறதுமா போச்சு. கடைசியில தெரிஞ்சுகிட்டது, அடியில கூடு கட்டினா பெரும்பாலும் தப்பு மேல் நூல்ல. மேலயும் கீழயும் ஆடுமே ஒரு லிவர், அதுல நூலைக் கோக்கவே இல்ல நான். அம்மா வரிசைல அது இல்ல. ரெண்டு 4-க்கு நடுவுல அது விட்டுப்போயிருக்கு.

அந்தக் காலத்துல அம்மா மெஷினைத் தட்டித் தட்டித் திட்டுவாங்க. "மெஷினுக்கு மறதி வந்துடுச்சு தம்பி, போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் தச்சுது." நாங்க சிரிப்போம், அவங்களும் சேந்து சிரிப்பாங்க. இந்த லிவர்தான் அது.

லிவர்ல கோத்ததும் சிக்கு போயிடுச்சு. பாபின் ஸ்க்ரூவை நான் கெடுத்து வச்சதை மட்டும் திரும்ப சரி பண்ண வேண்டியிருந்துச்சு. கேஸை நூலைப் பிடிச்சுத் தொங்க விட்டா அப்படியே நிக்கணும், கையை லேசா உலுக்கினா ஒரு இன்ச் ரெண்டு இன்ச் எறங்கி நிக்கணும். சரசரன்னு எறங்கினா லூஸ், எறங்கவே இல்லைன்னா டைட்டு. இன்னொண்ணு, நூல் கோக்கறப்போ துணியை அழுத்திப் பிடிக்கற ஃபுட்டைத் தூக்கி வச்சுக்கோங்க, அப்பதான் டென்ஷன் தட்டு விரிஞ்சு நூல் உள்ள போய் உக்காரும்.

டிராயர்ல பதினொரு பாபின். பழைய நூலைக் காலி பண்ணாம மேல புதுசு சுத்தக் கூடாதுன்னு பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா சொல்லிக் குடுத்ததை என் காதால கேட்டிருக்கேன். இதுல ஆறு பாபின் அடுக்கு அடுக்கா இருந்துச்சு. ஒண்ணைப் பிரிச்சேன், மேல வெள்ளை, அதுக்குக் கீழ பச்சை, அப்புறம் மறுபடி வெள்ளை, அப்புறம் கருப்பு, அடியில ஒரு மஞ்சள். மஞ்சள் எனக்குத் தெரியும், எங்க தெருவுல ஒரு குழந்தைக்குத் தச்ச கவுன். மிச்ச அஞ்சைப் பிரிக்கல. புது பாபின் வாங்கிக்கிட்டேன்.

மிதிக்கப் பழக மூணு சாயங்காலம். சக்கரம் பின்பக்கமா சுத்திட்டா நூல் அறுந்துடும், கைச்சக்கரத்தை நம்ம பக்கமா ஒரு தள்ளு தள்ளிட்டு அதோட சேந்து மிதிக்கணும். நூல் இல்லாம கோடு போட்ட நோட்டுப் பேப்பரை வச்சு கோட்டு மேலயே ஓட்டிப் பழகினேன், பதினாலு பக்கம் ஆச்சு. பேப்பர்ல ஓட்டின ஊசி மொண்ணையாயிடும், துணிக்கு மாத்திடுங்க.

இனி என்ன தைக்கறது? அம்மா ஓரம் எப்படி மடிச்சு அடிப்பாங்கன்னு பாத்து அதே மாதிரி பண்ணலாம்னு வீட்டுல தேடினேன். அம்மா தச்சது ஒண்ணுகூட இல்ல. திரை, தலையணை உறை, பை, எதுவும் இல்ல. தச்சதெல்லாம் குடுத்தாச்சு. யார் துணி தைக்கக் குடுத்தாலும் மிச்சத் துண்டுல ஒரு பையோ உறையோ தச்சு அதையும் சேத்துக் குடுத்துடுவாங்க, காசு கேட்டா காது கேக்காத மாதிரி இருப்பாங்க. வியாதி வந்த அப்புறம் கை இன்னும் தாராளமாச்சு. வீட்டுக்கு வந்தவங்களுக்கு சுவர்க் கடிகாரம், என் ஒரு கால் செருப்பு, என் ஆபீஸ் அடையாள அட்டை, எது கைக்கு வந்தாலும் "எடுத்துட்டுப் போங்க, உங்களுக்குத்தான் வச்சிருந்தேன்". வாங்கினவங்க மறுக்காம வாங்கிட்டுப் போய், இருட்டினதும் என்கிட்ட திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க. கடைசியா பக்கத்து வீட்டு அக்காகிட்டதான் ஒரு தலையணை உறை கடன் வாங்கினேன். பதினாலு வருஷம் ஆச்சாம். உள்பக்கம் திருப்பினா பிசிறே இல்ல. முதல்ல வெளிப்பக்கமா ஒரு தையல், ஓரத்தைக் குறைச்சு வெட்டி, திருப்பி உள்பக்கமா இன்னொரு தையல், பிசிறு அதுக்குள்ளயே பூட்டிக்குது. நானும் முயற்சி பண்ணினேன், ஓரத்தைக் குறைக்கறேன்னு தையலையே வெட்டிட்டேன். அடுத்த தடவை பாத்துக்கலாம்.

வேற ஒரு அக்கா, அவங்க அம்மாவுக்கும் இதே வியாதி, நாள் பூரா நைட்டி ஓரத்தைக் கசக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லியிருந்தாங்க. அவங்களுக்கு ஒரு மடி விரிப்பு தைக்கலாம்னு முடிவு பண்ணேன், கைக்கு வேலை குடுக்கற மாதிரி பட்டன், ஜிப்பு எல்லாம் வச்சு. அம்மாவோட வெட்டுத்துணி மூட்டையிலேருந்து 12 சென்டிமீட்டர் சதுரமா 30 துண்டு. ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்குப் போக 10-க்கு 10 நிக்கும், வரிசைக்கு அஞ்சு, ஆறு வரிசை, மொத்தம் 50-க்கு 60. மடிக்கு இது சரியான அளவு, இதுக்கு மேல போனா தரைல இழுபட்டுக் கால்ல மாட்டும். முதல் வரிசைல சாக்பீஸ்ல கோடு போடாம வெட்டினேன், ஒண்ணு 12, ஒண்ணு 11½, மூலைங்க ஒண்ணோட ஒண்ணு சேரல, பிரிச்சு மறுபடி. அட்டைல ஒரு அச்சு வெட்டி வச்சுக்கிட்ட அப்புறம்தான் உருப்பட்டுச்சு.

துணி வகை மாறி மாறி வச்சேன்: வழவழப்பு, சொரசொரப்பு, கார்டுராய், டவல் துணி. பல்லு பெரிசா இருக்கற ஜிப்பு ஒண்ணு, ரெண்டு முனையையும் நாலு தடவை அடிச்சு. பட்டன் ஆறு, எல்லாம் பெரிசு, ரெட்டை நூல், ஒவ்வொண்ணையும் தச்ச அப்புறம் பல்லைக் கடிச்சிட்டு இழுத்துப் பாத்தேன், ரெண்டு வந்துடுச்சு, மறுபடி தச்சேன். இதுல அலட்சியம் கூடாது, வாயில போட்டுக்குவாங்க. நாடா வச்சா விரல் சிக்காத அளவுக்குக் குட்டையா. ஓரமா ஒரு பை, உள்ள ஏதாவது எடுத்து வைக்க. தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர், இன்ச்சுக்குப் பத்து தையல் வரும். அடித்துணி வச்சுச் சுத்தி ஓரம் அடிச்சது நேத்து. அந்த 60 சென்டிமீட்டர் அதுதான்.

செலவுன்னு பாத்தா பெல்ட், ஊசி பாக்கெட், பாபின், எண்ணெய், அவ்வளவுதான். மெக்கானிக்கை ஒருதடவை வரவழைக்கற காசுல பாதிகூட ஆகல. நேரம்தான் செலவு. அடுத்த தடவை செய்யறதா இருந்தா முதல்ல நாலு பக்கமும் போட்டோ, அப்புறம் ஷட்டில், அப்புறம்தான் மண்ணெண்ணெய், அதுவும் மேல்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு. உங்க வீட்டுல இந்த நிலைமைல ஒருத்தர் மெஷின்ல உக்காரறாங்கன்னா ஊசியை எடுத்துடுங்க, குமிழைத் தளர்த்திடுங்க, கத்திரி கையில எடுக்காதீங்க. சக்கரத்துலயும் பெல்ட்டுலயும் விரல், துணி மாட்டும், அதனால பக்கத்துல ஆள் இருக்கணும், அது வேற. ஆனா பெல்ட் இருக்கட்டும்.

1-ம் 2-ம் நான் திருப்பி எழுதல. லிவர்கிட்டயும் எதுவும் எழுதல. பின்னல் கயிறு மேஜை ஓரமா ஆணில தொங்குது.

விரிப்பை இன்னைக்குக் காலைல கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தப் பாட்டி ஜிப்பை இழுத்தாங்க, மூடினாங்க, இழுத்தாங்க. பட்டன் ஒவ்வொண்ணையும் எண்ணற மாதிரி தொட்டாங்க. மத்தியானம் அக்கா போன் பண்ணாங்க, அம்மா கண்ணாடியைக் காணோம், வீடு பூரா தேடறோம்னு. விரிப்புப் பைக்குள்ள பாத்தீங்களான்னு கேட்டேன். இருந்துச்சு, கூடவே டிவி ரிமோட்டும். அடுத்ததுல பையை வலைத்துணில வைக்கணும், உள்ள என்ன இருக்குன்னு வெளிலேருந்தே தெரியற மாதிரி.